நெருப்பைச் சுற்றி நீர்

திருநீர்மலைக்கு அந்தப் பெயர் வந்த கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். திருமங்கையாழ்வார் பெருமாளைச் சேவிக்க வந்தபோது மலையைச் சுற்றி நீர் நின்றதாம். வடியட்டும் என்று ஆறு மாதம் காத்திருந்தாராம். மலையடிவாரத்துப் பட்டறை ஒன்றில் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் எஞ்சினைத் திறந்து போட்டிருந்ததைப் பார்த்தபோது அந்தக் கதைதான் நினைவுக்கு வந்தது. உள்ளே நெருப்பு, சுற்றிலும் நீர். ஒரே வித்தியாசம், இங்கே நீர் வடிந்தால் வண்டி காலி.

ஹெரால்டு இந்தப் பக்கத்துப் பிள்ளை. இங்கிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டரில், வண்டலூர்ப் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் உருவான கார். வரைந்தவர் இத்தாலியர் ஜோவான்னி மிக்கெலோட்டி. தொழிற்சாலை 1980-களின் இறுதியில் ஓய்ந்தது. வண்டிகளில் சில இன்னும் ஓடுகின்றன. ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும், மட்கார்டு, விளக்கு உட்பட, முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இன்றைய கார்களில் கையை நுழைக்கவே இடமில்லை என்று புலம்புகிறவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

"ஹெட் இறக்கணும் சார்" என்றார் மெக்கானிக். ஆதாரம் அவர் கையிலேயே இருந்தது: எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பால் காபி நுரை போல ஒரு படிவு. நீரும் எண்ணெயும் சந்தித்துவிட்டன என்பதற்கான முத்திரை அது.

ஹெட் என்பது எஞ்சினின் மூடி. கீழே நான்கு உருளைகள். ஒவ்வொன்றும் 63 மில்லிமீட்டர் அகலம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 76 மில்லிமீட்டர். நான்கும் சேர்ந்து 948 சி.சி., ஒரு லிட்டர் பால் பாக்கெட்டைவிடக் கொஞ்சம் குறைவு. இந்த மூடி வழியாகத்தான் காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகின்றன, புகை வெளியேறுகிறது, நீர் ஓடுகிறது, எண்ணெய் ஏறுகிறது. இந்த நான்கு ஓட்டங்களும் விரல் அகல இடைவெளியில், ஒன்றையொன்று தொடாமல். மூடிக்கும் உருளைகளுக்கும் நடுவில் தடுப்பாக இருப்பது சுமார் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கேஸ்கெட் தகடு.

அந்தத் தகடு எதைத் தாங்குகிறது என்று பாருங்கள். முழு வேகத்தில் பெட்ரோல் எரியும் கணத்தில் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வார்ப்பிரும்பு உருகவே 1,200 போதும். அழுத்தம், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 40 கிலோ. உருளையின் வாய் 31 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் 1,200 கிலோவுக்கு மேல் வருகிறது. காரின் மொத்த எடையே சுமார் 800 கிலோதான். அதாவது ஒவ்வொரு வெடிப்பும் ஒன்றரை ஹெரால்டு எடையுள்ள விசையோடு ஹெட்டை மேலே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் இது ஒரு வினாடிக்கு நூறு முறை நடக்கிறது.

இரும்பு உருகாமல் இருப்பதற்குக் காரணம் உள்ளே ஓடும் நீர். அந்த நீர்வழியைக் குடைந்து எடுக்க முடியாது, அத்தனை வளைவு. கொழுக்கட்டைக்குள் பூரணம் வைப்பதுபோல, வார்க்கும்போதே இறுகிய மணலால் செய்த உருவம் ஒன்றை அச்சுக்குள் வைத்துவிடுகிறார்கள். சுற்றிலும் உருகிய இரும்பு ஊற்றப்படுகிறது. ஆறியதும் மணலைத் தட்டி, ஓட்டைகள் வழியே உதிர்த்து வெளியேற்றினால் பூரணம் இருந்த இடம் நீரோடை ஆகிவிடும்.

அமெரிக்காவில் பழைய மஸில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஹெட் மாற்றுவது ஒரு பொழுதுபோக்கு. செவர்லேயின் 5.7 லிட்டர் வி8 எஞ்சினுக்கு 1990-களின் லாரிகளில் வந்த ஹெட்டைக் காயலான் கடையில் தேடிப் பிடித்துப் பொருத்துவார்கள். குறைந்த செலவில் கூடுதல் வேகம். ஹெரால்டுக்காரருக்கு அந்த வசதி இல்லை. புதுப்பேட்டைக் காயலான் கடைகளில் கிடைத்தாலும் அது இதைவிட வயதான ஹெட்டாக இருக்கலாம். ஆக, இருப்பதையே பிழைக்க வைக்க வேண்டும். என்னைக் கேட்டால் அதுதான் சுவாரசியமான வேலை.

முதல் சோதனைக்குக் காசே வேண்டாம். பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்பதுபோல, ஹெட்டைத் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியால் தட்டினார் மெக்கானிக். கணீரென்று நாதம் நின்றது. விரிசல் விட்ட இரும்பு பெரும்பாலும் மொட்டையாக ஒலிக்கும். பிறகு இரும்பு அளவுகோலைக் குறுக்கே வைத்து, அடியில் மெல்லிய ஃபில்லர் கேஜ் தகட்டை நுழைத்தார். நடுவில் நுழைந்தது. ஒருமுறை கொதித்த எஞ்சினின் ஹெட் அப்படித்தான் வளையும். ஒரு தலைமுடியின் கனம், சுமார் 0.07 மில்லிமீட்டர், வளைந்தாலே கேஸ்கெட் தோற்றுவிடும்.

பட்டறைக்காரர்கள் ஃபேஸிங் என்று சொல்லும் சமன்படுத்தல்தான் இதற்கு மருந்து: கெட்ட பரப்பை மெல்லிசாகச் சீவி எடுப்பது. இதில் ஒரு உபரி லாபமும் உண்டு. எட்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அமுக்கும் எஞ்சினில், 237 சி.சி. கலவை சுருங்கி நிற்கும் இடம் வெறும் 34 சி.சி., இரண்டு மேசைக்கரண்டி அளவு. அரை மில்லிமீட்டர் சீவினால் அந்த இடம் இன்னும் குறுகும், அமுக்கம் கூடும், இழுவையும் சற்றுக் கூடும். ஆசைப்பட்டு அதிகம் சீவினால் எஞ்சின் 'நாக்' அடிக்கும், அதாவது கலவை முறைதவறி வெடித்து உள்ளே தட்டும்.

அடுத்தது வால்வு. ஹெட்டில் எட்டு வால்வுகள். புகை வெளியேற்றும் வால்வு ஓட்டத்தில் செந்நிறமாகப் பழுக்கும். அதன் வெப்பத்தில் முக்கால் பங்கு, அது வந்து அமரும் ஒன்றரை மில்லிமீட்டர் அகல வட்டத்தின் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். அந்த வட்டத்துக்கு சீட் என்று பெயர். ஹெரால்டு பிறந்த காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. 'நாக்'கைத் தடுக்கும் என்று 1921-ல் தாமஸ் மிட்க்லி கண்டறிந்த ஈயச் சேர்மம். அதைச் சேர்த்த நோக்கமும் அதுதான். எரிந்து மிஞ்சிய ஈய உப்பு சீட்டின் மேல் பவுடர் பூசினாற்போலப் படிந்து, மெத்தையாகவும் இருந்தது. யாரும் கேட்காத உதவி. ஈயம் குழந்தைகளின் மூளைக்கு நஞ்சு என்பதால், 2000 பிப்ரவரியில் இந்தியா முழுவதும் அது பெட்ரோலிலிருந்து விடைபெற்றது. நல்லதுதான். ஆனால் மெத்தை போனபின், பழுத்த வால்வு நேராக வார்ப்பிரும்பில் அறைந்து, நுண்ணிய அளவில் ஒட்டி, பிய்த்துக்கொண்டு எழுகிறது. சீட் கொஞ்சம் கொஞ்சமாகக் குழியாகிறது.

தீர்வு, கடினமான உலோக வளையத்தைப் பதிப்பது. பசையும் இல்லை, திருகும் இல்லை. மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அங்கே இரும்பு வளையத்தைப் பழுக்கக் காய்ச்சி, விரிய வைத்து, மரத்தின் மேல் மாட்டி நீர் ஊற்றுவார்கள். இங்கே தலைகீழ்: உள்ளே போகும் வளையத்தைக் குளிரவைத்துச் சுருக்க வேண்டும். 30 மில்லிமீட்டர் வளையத்தைத் திரவ நைட்ரஜனில் முக்கினால் சுமார் ஒரு தலைமுடிக் கனம் சுருங்கும். குழிக்குள் இறக்கிவிட்டால், சூடேற ஏற அதுவே விரிந்து கவ்விக்கொள்ளும்.

அதன்பின் மோர் கடையும் வேலை. வால்வின் தலையில் ரப்பர் உறிஞ்சி வைத்த குச்சியை ஒட்டி, விளிம்பில் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, இரு உள்ளங்கைகளுக்கு நடுவே மத்துபோல முன்னும் பின்னும் உருட்டினார். முதலில் கரகர. சில நிமிடத்தில் ஓசை மெலிந்து வழுவழுத்தது. துடைத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் முழு வட்டம். ஹெட்டைக் கவிழ்த்து, எரியறைக் குழிவில் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

மூட்டும்போது பழைய கேஸ்கெட்டை மறுபடி போடக்கூடாது. மற்ற எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடிக்கலாம். நோட்டுக்கு அட்டை போடும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்ப்போமே, அதே வரிசையில் நட்டுகளை இறுக்க வேண்டும். ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் ஆறு கிலோ அரிசிப்பையைத் தொங்கவிட்டால் எவ்வளவு முறுக்கு வருமோ, சுமார் அவ்வளவு. அந்த முறுக்கில் இரும்புத் தண்டே கண்ணுக்குத் தெரியாமல் நீண்டு, ஸ்பிரிங் போல இழுத்துப் பிடிக்கிறது. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று டன்.

கடைசியாக டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் இடையே விடும் சந்து, கால் மில்லிமீட்டர். எந்த வால்வை எப்போது சரிசெய்வது? மெக்கானிக்கிடம் ஒரு கணக்கு இருந்தது. "ஒம்போது வரணும் சார்." எட்டாம் வால்வு முழுதாகத் திறந்திருந்தால் ஒன்றாம் வால்வைச் சரிசெய், ஆறு திறந்திருந்தால் மூன்று, நான்கு என்றால் ஐந்து. வால்வுகள் கண்ணாடிப் பிம்பம்போல இரு பக்கமும் ஒரே வரிசையில் அமைந்திருப்பதாலும், முதல் உருளையும் நான்காம் உருளையும், அதுபோல இரண்டாவதும் மூன்றாவதும், சரியாக எஞ்சினின் ஒரு முழுச் சுற்று தள்ளி இயங்குவதாலும் ஒன்று முழுதாகத் திறக்கும்போது அதன் ஜோடி நிச்சயம் மூடியிருக்கும்.

சாவியைத் திருப்பினார். இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ரேடியேட்டர் மூடியை முன்னமே திறந்து வைத்திருந்தார். நெருப்பு நீருக்குள் கசிந்தால் அங்கே குமிழி எழும். இருவரும் குனிந்து பார்த்தோம். எஞ்சின் நடுக்கத்தில் மெல்ல அதிர்ந்ததே தவிர, நீர் அப்படியே நின்றது.