கைத்தொழிலுக்கு ஒரு மாதிரி ஏடு

கிராமக் கைத்தொழில்களைப் பற்றிப் பேசும்பொழுது மூலதனம், கச்சாப் பொருள், சந்தை ஆகிய மூன்றையும் நாம் தவறாமல் கூறுகிறோம். நான்காவதாகக் கூற வேண்டிய ஒன்றும் உண்டு. அதுதான் குறிப்பு. நிலத்திற்குப் பட்டா இருக்கிறது; பஞ்சாயத்துக்குத் தீர்மானப் புத்தகம் இருக்கிறது. பாய் முடைபவருக்கும் கூடை பின்னுபவருக்கும் பெரும்பாலும் அத்தகைய ஏடு எதுவும் இல்லை. செய்த பொருள் விற்றதும் ஊரைவிட்டுப் போய்விடுகிறது. செய்யும் முறை செய்தவர் கையிலேயே தங்கி, அவர் காலத்துக்குப் பின் மறைந்தும் போகிறது.

இக்குறையை அதிகச் செலவின்றி நீக்க வல்லது மாதிரி ஏடு. பொருளின் படத்தையும், அதன் சிறு துண்டையும், செய்முறைக் குறிப்பையும் ஒரே பக்கத்தில் சேர்த்துத் தொகுப்பதே அது. கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால் போதாதா எனச் சிலர் கேட்கலாம். படம் நிறத்தையும் வடிவத்தையும் காட்டும். பின்னலின் நெருக்கத்தையும் ஓலையின் மென்மையையும் தொட்டுப் பார்த்தே அறிய முடியும்.

ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுதல் நலம். கோரைப் பாயை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடைப் பாய் போன்ற நுண்ணிய பாய்க்கு, காய்ந்த கோரை, வகிர்ந்த கோரை, சாயமிட்ட கோரை, நெய்த துண்டு ஆகியவற்றை வரிசையாக அமைத்தால் வேலையின் படிகள் பார்த்த அளவில் விளங்கும். அருகில் பாயின் நீள அகலம், பாவின் இழைக் கணக்கு, கோரை ஊறிய காலம், செய்தவர் பெயர், ஆண்டு ஆகியவற்றை எழுத வேண்டும். பனையோலைக் கூடைக்குக் குருத்தோலை, ஈர்க்கு, பின்னல் துண்டு ஆகியவை போதும். முழுப் பொருளின் படத்தை எடுக்கையில் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்தல் நன்று.

இனி, ஏட்டைத் தயாரிக்கும் முறையைக் கூறுவோம். மலிவான தாள் விரைவில் பழுப்பேறி ஒடிந்துவிடும். கெட்டியான நல்ல தாளே ஏற்றது. மாதிரித் துண்டுகளை ஒட்டுவதைவிட நூலால் தைப்பது மேல். செல்லோ டேப் நாளடைவில் காய்ந்து, மஞ்சள் கறையை விட்டு உதிரும். மாவுப் பசை பூச்சிகளை அழைக்கும். துண்டுகள் நன்கு உலர்ந்திராவிடில் பூஞ்சணம் பிடிக்கும். துண்டுகளின் கனத்தால் ஏடு உப்பாமல் இருக்க, முதுகுப் புறத்தில் தாள்களுக்கிடையே இரண்டு விரல் அகலமுள்ள அட்டைத் துண்டுகளை வைத்துத் தைக்க வேண்டும். ஈரம் பட்டால் பேனா மை கரையக்கூடும். பென்சில் எழுத்து கரையாது. வெயிலில் சாயம் வெளுக்குமாதலால் ஏட்டைப் பெட்டிக்குள் வைத்தல் அவசியம்.

இதனால் விளையும் பயன்கள் மூன்று. முதலாவது, சென்ற ஆண்டு வாங்கியவர் அதே பொருளை மீண்டும் கேட்டால், அதே அளவிலும் நிறத்திலும் செய்துதர இயலும்.

இரண்டாவது, கூலி தெரியவரும். ஒரு கூடைக்கு ஓலையும் சாயமும் 80 ரூபாய், வேலை இரண்டு நாள், விலை 300 ரூபாய் என வைத்துக்கொள்வோம். கையில் மிஞ்சுவது 220 ரூபாய். நாளொன்றுக்கு 110 ரூபாய்தான். இக்கணக்கை எழுதிப் பார்க்காதவர் 300 ரூபாய் கிடைத்ததென்று மகிழ்வார். எழுதிப் பார்த்தவர் அடுத்த முறை விலை பேசுவார். ஆனால் இக்கணக்கும் சாயக் கலவையின் அளவும் வியாபாரிகளுக்குக் காட்டும் ஏட்டில் இடம்பெறலாகாது. அவற்றைத் தனி நோட்டில் எழுதி, குழுவினரே பாதுகாக்க வேண்டும்.

மூன்றாவது, ஊரின் உரிமைக்கு ஆதாரம் கிடைக்கும். புவிசார் குறியீடு பற்றிய சட்டம் 1999-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15 முதல் அமலுக்கு வந்தது. அதற்கான பதிவகம் சென்னையில் உள்ளது. இக்குறியீடு கோரி விண்ணப்பிப்போர், பொருள் அவ்வூரில் தோன்றியதற்கான சான்றையும் செய்முறை விவரத்தையும் தர வேண்டும். ஆண்டு குறித்து எழுதிவந்த ஏடு அப்பொழுது துணை நிற்கும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இம்முயற்சியை முன்னின்று தொடங்கலாம். முதலில், ஊரில் வயது முதிர்ந்த கைவினைஞர்களை அணுக வேண்டும். தாமதித்தால் திரும்பப் பெற முடியாதது அவர்களுடைய அறிவே. அவர்கள் சொல்லச் சொல்ல, எழுதத் தெரிந்த இளைஞர் ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். பெயரை வெளியிட அவர்களுடைய சம்மதத்தைப் பெறுதல் முறையாகும். மூன்று பக்கங்கள் நிறைந்ததும் ஏட்டைக் கிராம சபையில் அனைவரும் காண வைக்கலாம். தம் வீட்டுப் பொருளுக்கும் ஒரு பக்கம் வேண்டுமென்று மற்றவர்களும் முன்வருவார்கள் என்பது நமது நம்பிக்கை.