வசதியுள்ள குடும்பத்திற்கும் சிக்கனம் தேவையா?

குடும்ப வள முகாமைத்துவம் கற்பித்த ஒரு நாள் மாணவர் ஒருவர், "சேர், எங்கட வீட்டுக்கு மாமா வெளிநாட்டிலயிருந்து காசு அனுப்புறார். நாங்கள் ஏன் சிக்கனமா இருக்க வேணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. "பணம் மீதமாகும்" என்பதே இதற்குப் பலரும் எழுதும் விடை. அது சரியானதே; ஆனால் முழுமையானதன்று. ஏன் என்பதை நோக்குவோம்.

1. சிக்கனம் என்றால் என்ன?

தேவையான அளவு பயன்படுத்தி, பயனின்றிப் போவதைத் தவிர்ப்பதே சிக்கனம். போசாக்கான உணவு, மருந்து, கல்வி ஆகியவற்றைக் குறைப்பது சிக்கனமன்று, அது கஞ்சத்தனம். எனவே ஒரு செலவைக் குறைக்குமுன், அது தேவையா, விருப்பமா, விரயமா எனப் பிரித்தறிதல் வேண்டும். விருப்பங்களை வரவுக்கேற்ப நிறைவேற்றலாம். விரயத்தால் எவருக்கும் பயனில்லை.

2. விரயத்தைக் கணக்கிடுவோம்

(அ) 60 வாற்று மின்விசிறி ஆளில்லாத அறையில் தினமும் 5 மணித்தியாலம் சுழன்றால், நாளொன்றுக்கு 0.3 அலகு, 30 நாட்களில் 9 அலகுகள் வீணாகும்.

(ஆ) செக்கனுக்கு ஒரு துளி வீதம் ஒழுகும் குழாயில் ஒரு நாளில் 86,400 துளிகள் விழும். 20 துளிகள் 1 மில்லிலீற்றர் எனக் கொண்டால், அது 4.3 லீற்றர் அளவாகும்.

(இ) தினமும் 100 கிராம் அரிசியின் சோறு வீசப்பட்டால், மாதத்தில் 3 கிலோ அரிசி வீணாகும். அதனைச் சமைத்த எரிவாயுவும் அம்மாவின் உழைப்பும் கூடவே வீணாகின்றன.

3. பணமிருந்தும் பொருள் கிடைக்காத காலம்

2022 ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையால் எரிபொருளையும் எரிவாயுவையும் போதியளவு இறக்குமதி செய்ய முடியவில்லை. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரும் காருக்கு 20 லீற்றரும் ஒதுக்கப்பட்டன. கையில் பணமிருந்தவரும் வரிசையிலேயே நின்றார். இரவில் மாணவர்கள் விளக்கு வெளிச்சத்தில் படித்தனர்.

இதிலிருந்து அறிவது யாது? பணம் குடும்பத்துக்கு உரியது. ஆனால் அப்பணத்தால் வாங்கும் எரிபொருள், நீர், மின்சாரம் என்பன எல்லோருக்கும் பொதுவான, மட்டுப்படுத்தப்பட்ட வளங்கள். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மின்பாவனை உச்சமாக இருக்கும். அந்நேரத் தேவையை ஈடுசெய்ய, இறக்குமதி செய்த எண்ணெயில் இயங்கும் மின்நிலையங்களும் பயன்படுகின்றன. ஆகவே அந்நேரத்தில் வீணாக எரியும் மின்குமிழ் நாட்டின் டொலரையும் எரிக்கிறது.

4. அமையச் செலவு

ஒன்றைத் தெரிவு செய்வதால் கைவிடப்படும் அடுத்த சிறந்த வாய்ப்பே அமையச் செலவாகும். வீணாகும் பணத்தைச் சேமித்திருந்தால் அது அக்காவின் படிப்புக்கோ திடீர் நோய்க்கோ உதவியிருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் பணமும் என்றும் நிலையானதன்று. அனுப்புபவர் வேலை இழக்கலாம், நோயுறலாம். அவர் உறக்கம் குறைத்து உழைத்த பணம் அது என்பதையும் மறக்கலாகாது.

5. நீங்கள் செய்யக்கூடியவை

• ஒரு மாதச் செலவைக் கொப்பியில் எழுதி, தேவை, விருப்பம், விரயம் என வகைப்படுத்துதல்.
• அறையை விட்டு வெளியேறும்போது மின்விசிறியையும் மின்குமிழையும் நிறுத்துதல்.
• சாப்பிடக்கூடிய அளவு சோற்றை மட்டும் போட்டு, வேண்டுமாயின் மீண்டும் எடுத்தல்.
• கடைக்குப் போகுமுன் பட்டியல் தயாரித்தல்.
• மீதமாகும் தொகையை ஒரு நோக்கத்துக்கெனச் சேமித்தல்.

பெரியோரைக் குறை கூறித் தொடங்க வேண்டாம். உங்கள் அறையிலும் உங்கள் கோப்பையிலும் தொடங்குங்கள். வீட்டார் தாமாகவே கவனிப்பர்.

பரீட்சைக் குறிப்பு: "வசதியுள்ள குடும்பமும் சிக்கனத்தைக் கடைப்பிடிக்க வேண்டும். காரணம் தருக" என வினவப்பட்டால் குடும்பம், வளம், நாடு ஆகிய மூன்று நோக்கிலும் ஒவ்வொரு காரணம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் உதாரணம் தருக.