நூல் எந்த ஊர்ப் பருத்தி?

2022 ஜூன் 21 அன்னைக்கு அமெரிக்காவுல ஒரு சட்டம் அமலுக்கு வந்துச்சு. உய்குர் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டம். சீனாவோட மேற்குக் கோடியில ஷின்ஜியாங்னு ஒரு பகுதி. அங்க விளைஞ்ச பருத்தி கொஞ்சம் கலந்திருந்தாலும், அந்த டி-ஷர்ட் கட்டாய உழைப்புல வந்ததுன்னே அமெரிக்க கஸ்டம்ஸ் எடுத்துக்கும். இல்லைன்னு நிரூபிக்கிறது இறக்குமதி பண்றவங்க பாடு.

சீனப் பருத்தியில பெரும்பங்கு அந்த ஒரே பகுதியில விளையுது. உலகப் பருத்தியில ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு. அதனால பையருங்க வேற ஊர் தேட ஆரம்பிச்சாங்க. சீனாவை மட்டும் நம்பாம இன்னொரு நாட்டுலயும் வாங்கணும்னு, "சைனா பிளஸ் ஒன்"னு நம்ம ஊர் மீட்டிங் எல்லாத்துலயும் பேசுனோமே, அதுக்கு இருந்த காரணங்கள்ல இதுவும் ஒண்ணு. ஆர்டர் வந்ததுல சந்தோஷம்தான். எதனால வந்துச்சுன்னு யாரும் பெருசா கேட்டுக்கலை.

உய்குர் மக்கள் துருக்கி மொழிக்கு உறவான ஒரு மொழி பேசற முஸ்லிம்கள். 2017-ல இருந்து லட்சக்கணக்கானவங்களை முகாம்ல அடைச்சாங்க. தொழிற்பயிற்சி மையம்னு அதுக்கு சீன அரசு வெச்ச பேரு. கூடவே, அரசே ஆள் கணக்குப் போட்டு கிராமத்து ஜனங்களைப் பருத்திக் காட்டுக்கும் மில்லுக்கும் அனுப்புற திட்டம் வேற. வறுமை ஒழிப்புங்கிறாங்க. ஆனா வரலைன்னா முகாமுக்கு அனுப்பிருவாங்களோங்கிற பயத்துல யாரு "மாட்டேன்"னு சொல்வாங்க?

இதை இனப்படுகொலைன்னும் சொல்றாங்க. அது இதுல எங்க வந்துச்சுன்னு கேட்பீங்க. 1948 ஐ.நா. உடன்படிக்கையில கொல்றது மட்டும் இனப்படுகொலை இல்லீங்க. ஒரு இனத்தை அழிக்கிற நோக்கத்தோட அவங்களுக்குக் குழந்தை பிறக்காம தடுக்கிறதும் அதுல சேரும். உய்குர் பெண்களுக்கு நடந்த கட்டாயக் கருத்தடையை வெச்சுத்தான், லண்டன்ல ஜெஃப்ரி நைஸ் தலைமையில உட்கார்ந்த மக்கள் தீர்ப்பாயம் 2021 டிசம்பர்ல "இது இனப்படுகொலை"ன்னு சொல்லுச்சு. ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்ட் அறிக்கையில அவ்வளவு தூரம் போகலை. மனித குலத்துக்கு எதிரான குற்றமா இருக்கலாம்னு நிறுத்திக்கிச்சு. சீனா எல்லாத்தையும் மறுக்குது. அந்த அறிக்கையைப் பத்தி ஒரு விவாதம் வைக்கலாமான்னு அந்த வருஷம் அக்டோபர்ல மனித உரிமை மன்றத்துல ஓட்டெடுப்பு. தண்டனை இல்லை, தடை இல்லை, வெறும் விவாதம். 17-க்கு 19-ன்னு தோத்துப் போச்சு. இந்தியா எந்தப் பக்கமும் ஓட்டுப் போடலை.

அரசாங்கத்துக்கு அதோட கணக்கு. சட்டப்படி இனப்படுகொலையைத் தடுக்க வேண்டிய கடமையும் அரசுகளுக்குத்தான் இருக்கு. அப்போ பனியன் கம்பெனியில பர்ச்சேஸ் பார்க்கிற ஒருத்தருக்கு இதுல என்ன வேலை?

கொஞ்சம் பின்னாடி போவோம். 2009-ல இலங்கைப் போர்ல, முள்ளிவாய்க்கால்ல நம்ம ஜனம் செத்துக்கிட்டிருந்தப்போ, உலகம் ஏன் கேட்கலைன்னு தமிழ்நாடே கதறுச்சு. 2011 ஜூன் 8-ஆம் தேதி நம்ம சட்டமன்றம் இலங்கை மேல பொருளாதாரத் தடை கொண்டு வரணும்னு தீர்மானம் போட்டுச்சு. அதுக்கு முந்தின வருஷமே ஐரோப்பிய ஒன்றியம் மனித உரிமையைக் காரணம் காட்டி இலங்கைக்குக் குடுத்திருந்த ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை நிறுத்திடுச்சு. அதுல முதல் அடி வாங்குனது அங்க இருக்கிற கார்மெண்ட்ஸ் தொழில். அப்போ அது நியாயம்னு நாம சொன்னோம். அதே நியாயம் உய்குர் மக்களுக்கும் உண்டுதானே?

நம்ம தொழில்லயே இதுக்கு முன்னோடி இருக்காங்க. 1862-ல அமெரிக்க உள்நாட்டுப் போரால பருத்தி வராம இங்கிலாந்து லங்காஷயர்ல மில்லுங்க மூடிக் கிடந்துச்சு. அந்தப் பட்டினியிலயும் மான்செஸ்டர் தொழிலாளிங்க டிசம்பர் 31-ஆம் தேதி கூட்டம் போட்டு, அடிமை முறையை ஒழிக்கிற பக்கம்தான் நாங்கன்னு லிங்கனுக்கு எழுதுனாங்க. மூணு வாரத்துல லிங்கன் பதில் போட்டார். லங்காஷயர்ல எல்லாரும் அப்படி இல்லை, தென்மாநிலங்களுக்கு ஆதரவா நின்னவங்களும் உண்டு. அந்தச் சமயத்துல விலை ஏறி நல்லா சம்பாதிச்சது யாருன்னா, இந்தியப் பருத்தி வியாபாரிங்க. அடுத்தவன் ஊர்ப் பிரச்சினையில நமக்கு ஆர்டர் வர்றது இது முதல் தடவை இல்லை.

இப்போ ஒரு ஆர்டர் ஃபைலைத் திறங்க. 30ஸ் கோம்டு நூல்னு வெச்சுக்குவோம். கோனுக்குள்ள ஸ்டிக்கர் இருக்கும்: மில் பேரு, கவுண்ட், லாட் நம்பர். அந்த லாட்டை எந்தெந்த பேல் உடைச்சு ஓட்டுனாங்கன்னு மில்லு ரெக்கார்டுல இருக்கணும். பேல் மேல ஜின்னிங் ஃபேக்டரி போட்ட பி.ஆர். நம்பர். அதைப் பிடிச்சா எந்த ஊர்ப் பருத்தின்னு தெரிஞ்சிரும். நம்ம மில்லு நூல்ல பெரும்பாலும் உள்நாட்டுப் பருத்திதான், அதுல இந்தக் கவலை கம்மி. ஓட்டை எங்க இருக்குன்னா, ரேட் கம்மின்னு வெளியில இருந்து எடுக்கிற ரெடி துணி, பாக்கெட் துணி, லேஸ், டிராகார்டுல. பில்லுல ஏதோ ஒரு மூணாவது நாட்டுப் பேரு இருக்கும். அந்த நாட்டுக்குப் பஞ்சு எங்கிருந்து போச்சுன்னு பில்லு சொல்லாது.

இது சந்தேகப் பேச்சு இல்லை. ஷெஃபீல்டு ஹாலம் பல்கலைக்கழக ஆய்வுக்குழு 2021-ல இந்த வழியைத் தேடிப் பிடிச்சாங்க. ஷின்ஜியாங் பருத்தி இந்தோனேசியா, வங்கதேசம், வியட்நாம், இலங்கை மாதிரி நாட்டுக் கம்பெனிங்க வழியா துணியா மாறிப் பெரிய பிராண்டுகளுக்குப் போகுதுன்னு காட்டுனாங்க. இந்தியக் கம்பெனிங்களும் அந்தப் பட்டியல்ல இருந்துச்சு.

சர்டிபிகேட் இருக்கேன்னு சொல்லுவீங்க. 2020-ல இந்தியாவுல 20,000 டன் பருத்திக்கு ஆர்கானிக்னு போலிச் சர்டிபிகேட் ஓடுனதை, ஆர்கானிக் துணிக்குத் தரம் வகுக்கிற ஜி.ஓ.டி.எஸ். அமைப்பே கண்டுபிடிச்சு வெளியே சொல்லுச்சு. அதையெல்லாம் ஏதோ ஒரு ஆபீஸ்ல ஏதோ ஒரு ஆள் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து தயார் பண்ணியிருக்கார். அவர் கெட்டவரா இருக்கணும்னு இல்லை. "ஷிப்மெண்ட் நிக்குது, போட்டுக் குடு"ன்னு மேல இருந்து ஒரு போன் வந்திருக்கும், அவ்வளவுதான். இன்னைக்குப் பருத்தி நாரை லேப்ல ஐசோடோப் சோதனை பண்ணி விளைஞ்ச பகுதியையே கணிக்கிறாங்க. காகிதம் பொய் சொன்னாலும் நாரு காட்டிக் குடுத்துரும்.

"முதல்ல நம்ம ஸ்பின்னிங் மில் ஹாஸ்டல் பொண்ணுங்களைப் பாரு, சுமங்கலித் திட்டத்தைப் பத்திப் பேசு"ன்னு கமெண்ட் வரும். கல்யாணத்துக்குக் காசு சேரும்னு சொல்லி இளம்பெண்களை வருஷக்கணக்குல மில்லுல கட்டிப் போட்ட திட்டம் அது. பேசணும்தான். ரெண்டும் ஒரே அளவு கொடுமைன்னு சொல்ல மாட்டேன், ஆனா ரெண்டுக்கும் பூட்டு ஒண்ணுதான்: வேலை செய்யறவங்க வெளியே பேச முடியாம இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் ஒரு கார்மெண்ட் கம்பெனியில வேலை பார்த்த இளம்பெண் 2021-ல கொல்லப்பட்டதுக்கு அப்புறம், பெண்கள் நடத்துற ஒரு தொழிற்சங்கம் விடாம போராடி, வேலையிடத்துல பெண்கள் மேல நடக்கிற வன்முறையைத் தடுக்க 2022-ல திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டு வந்துச்சு. அதுப்படி லைன்ல தைக்கிற பொண்ணுங்களே பயிற்சி எடுத்துக்கிட்டு ஃப்ளோர்ல கண்காணிப்பாளரா ஆனாங்க. கையெழுத்து போட்டதுல பெரிய பிராண்டுகளும் உண்டு.

2025 ஆகஸ்ட்ல 50 சதவீத வரி போட்டு நம்ம ஊரையே திணறடிச்ச அமெரிக்காவோட சட்டத்துக்கு நாம ஏன் காவல் காக்கணும்னு கோபம் வரலாம். கோபம் நியாயம்தான். ஆனா அந்தச் சட்டம் யாருக்காக வந்துச்சோ, அந்த உய்குர் ஜனம் நமக்கு எந்த வரியும் போடலை.

அதனால பர்ச்சேஸ்ல இருக்கிறவங்க, துணி வாங்கும்போது நாட்டுப் பேரோட நிறுத்தாம, நூலு எந்த மில்லு, பஞ்சு எந்த நாடுன்னு சப்ளையர்கிட்ட எழுத்துல கேளுங்க. மெயில்ல கேளுங்க, போன்ல வேண்டாம். போலியா ஒரு பேப்பர் போடச் சொன்னா, அந்த மெசேஜை அழிக்காதீங்க. அமெரிக்க கஸ்டம்ஸ் வெப்சைட்ல, இ-அலிகேஷன்ஸ்ங்கிற பேர்ல ஆரம்பிச்ச ஒரு புகார்ப் பக்கம் இருக்கு. எந்த நாட்டுக்காரங்களும் அதுல புகார் குடுக்கலாம், பேரு சொல்ல வேண்டியதில்லை.