இறக்கத்தில் நம்ப முடியாத கால்

"காலு இருக்கு மிஸ். ஆனா எறக்கத்துல அத நம்ப முடியல."

நானுஓயாவுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்து வாசற்படியில் உட்கார்ந்தபடி ஓர் அக்கா என்னிடம் சொன்ன வார்த்தைகள் இவை. வயது நாற்பத்திரண்டு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மழைநாள் ஒன்றில் கொழுந்துச் சுமையுடன் கானைத் தாண்டும்போது பாதம் சேற்றில் ஊன்றி நின்றுவிட, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. முழங்காலுக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம். மாலைக்குள் பெரிதாக வீங்கிவிட்டது. டிஸ்பென்சரியில் வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. வீக்கம் வடிந்ததும் மலைக்குப் போனார். போன வாரத்திலேயே இறக்கத்தில் கால் நழுவி விழுந்தார். அதன் பின் எத்தனை முறை விழுந்தார் என்று அவர் எண்ணவில்லை.

தொடை எலும்பையும் கணைக்கால் எலும்பையும் முழங்காலுக்குள் இழுத்துக் கட்டி வைத்திருக்கும் நார்கள் இரண்டு, சிலுவை போலக் குறுக்காக ஓடுகின்றன. நாம் சாதாரணமாகச் 'சவ்வு' என்று சொல்வது இவற்றைத்தான். முன்பக்கத்து நார் அறுந்தால் நேராக நடக்கலாம், திரும்பும்போதும் இறங்கும்போதும் முழங்கால் விலகும். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், நார் தெரியாது. பழகிய வைத்தியர் காலைப் பிடித்து அசைத்துப் பார்த்தே கண்டுபிடிப்பார், எம்.ஆர்.ஐ. படம் அதை உறுதிப்படுத்தும். ஆகவே "எக்ஸ்ரே நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பினால் விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

யுத்தத்தில் கால் இழந்தவர்களை இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் உங்களில் பலர் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள், சிலர் நீங்களே இழந்திருப்பீர்கள். 1987இல் தொடங்கிய யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிறுவனம் போன்ற இடங்களுக்கு எத்தனை தடைகளைத் தாண்டிப் போய் வந்தீர்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். 1977, 1983 வன்செயல்களில் மலைநாட்டிலிருந்து விரட்டப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் உங்களுக்குள் இருக்கிறீர்கள். உங்கள் பெரியம்மா பிள்ளைகளும் சித்தி பிள்ளைகளும் இன்னும் இந்த மலையில்தான் கொழுந்து பறிக்கிறார்கள். அவர்கள் காலில் குண்டு படவில்லை. வெளியில் பார்த்தால் கால் முழுதாக இருக்கிறது. அதனாலேயே "சோம்பேறித்தனம்" என்ற பேச்சையும் சேர்த்துச் சுமக்கிறார்கள்.

ஸ்பெயின் நாட்டு உதைபந்தாட்ட வீராங்கனை அலெக்ஸியா புத்தெயாஸுக்கு 2022 ஜூலை 5ஆம் திகதி பயிற்சியின்போது இதே நார்தான் அறுந்தது. ஜூலை 12ஆம் திகதி பார்சலோனாவில் சத்திரசிகிச்சை நடந்தது. ஒரே கிழமை! மைதானத்துக்குத் திரும்ப அவருக்கும் 2023 ஏப்ரல் வரை ஆயிற்று. கத்தி வைப்பது ஒரு நாள் வேலை, கால் தேறுவது பல மாத வேலை.

நம் அக்காவுக்கு என்ன நோய் என்று தெரியவே பதினான்கு மாதம் ஆயிற்று. இலங்கையில் அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். அது பெரிய கொடை, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் வைத்தியசாலை வாசல் வரை போவது இலவசமில்லை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா கிட்டத்தான். முழங்காலுக்குள் சிறு துவாரம் வழியாகக் குழாய்க் கமெரா விட்டு இந்த நாரைப் புதிதாக அமைக்கும் வைத்தியர்களோ பெரும்பாலும் கொழும்பு, கண்டி போன்ற பெரிய நகரங்களில் இருக்கிறார்கள். கண்டி என்றால் போக மட்டும் மூன்று மணித்தியாலம், கொழும்புக்கு ரயிலில் ஆறு மணித்தியாலத்துக்கு மேல். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் அந்த ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்தது. எம்.ஆர்.ஐ. எடுக்க அரசாங்க வரிசையில் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தனியாரிடம் பல்லாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும். நாரைப் பொருத்தும் திருகாணி முதலிய பொருட்கள் வைத்தியசாலையில் இல்லாதபோது நோயாளியே வாங்கிக் கொடுக்க நேர்கிறது. 2022 மார்ச் இறுதியில் மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனை போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளையே நிறுத்திவைத்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் உயிருக்கு ஆபத்தில்லாத முழங்கால்தான் வரிசையில் கடைசிக்குப் போகும்.

வேலைக்குப் போகாத நாளுக்கு இவர்களுக்குச் சம்பளமில்லை. 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய் ஆனது. கொழுந்து குறைந்தால் அதுவும் அரைப்பேர்தான். ஒரு கிளினிக் என்றால் ஒரு பேர் போயிற்று, கூட வருகிறவருக்கும் இன்னொரு பேர் போயிற்று. சத்திரசிகிச்சைக்குப் பிறகு மலையேறாமல் ஆறேழு மாதம் இருப்பது எப்படி? அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பலர் "வேணாம் மிஸ்" என்கிறார்கள். அதைப் பயம், அறியாமை என்று எழுதி வைக்கும் உத்தியோகத்தர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் கத்தி தேவையில்லை. நார் அறுந்த 121 இளவயதினரை வைத்துச் சுவீடனில் நடந்த ஆய்வொன்று 2010இல் வெளிவந்தது. ஒரு பாதியினருக்கு உடனே சத்திரசிகிச்சை, மறுபாதியினருக்கு முதலில் முறையான பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு சத்திரசிகிச்சை. இரண்டு வருடத்தில் மறுபாதியினரில் பாதிக்கு மேற்பட்டோர் சத்திரசிகிச்சை இல்லாமலே சமாளித்தார்கள். ஆனால் அவர்களுக்குப் பயிற்சியாளர் இருந்தார், நேரம் இருந்தது. தோட்டத்தில் இரண்டும் இல்லை. கத்தியும் இல்லாமல் பயிற்சியும் இல்லாமல் வழுக்கும் மலையில் ஏறி இறங்கும்போது, ஒவ்வொரு நழுவலிலும் உள்ளிருக்கும் குருத்தெலும்பு கிழிந்து தேய்கிறது. ஐம்பது வயதுக்குள் மூட்டுத் தேய்வு வந்துவிடலாம்.

அக்காவிடம் நான் முதலில் கேட்டது, விழுந்த அன்று தோட்டத்துப் பதிவில் எழுதினார்களா என்று. எழுதவில்லை. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் வேலையின்போது நேரும் காயத்துக்கு நட்டஈடு தருகிறது. பதிவில்லாமல் அதைக் கேட்டு நிற்பது மிகவும் கடினம். ஆகவே விழுந்தால், வீக்கம் வருமுன்னே கங்காணியிடம் சொல்லி எழுத வையுங்கள். வைத்தியரிடம் "வலிக்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "சத்தம் கேட்டுச்சு, அன்னைக்கே வீங்குச்சு, எறக்கத்துல நழுவுது" என்று மூன்றையும் சொல்லி, எலும்பு வைத்தியரிடம் அனுப்பக் கடிதம் கேளுங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். எந்தச் சிகிச்சைக்கு என்ன கிடைக்கும் என்பதை அங்கேயே விசாரியுங்கள்.

இயன்மருத்துவர் ஒருவர் காட்டிக் கொடுத்த பயிற்சியை அக்கா இப்போது செய்கிறார். முழங்காலுக்கு அடியில் துவாயைச் சுருட்டி வைத்து, காலை நீட்டி அழுத்திப் பிடிக்க வேண்டும். காலையில் அடுப்பு மூட்டுமுன் ஒரு தடவை, இரவு படுக்குமுன் ஒரு தடவை. தொடை கொஞ்சம் பலமாகி இருக்கிறது என்றார். இறக்கம் இன்னும் பயம்தான். வரும் மாதம் கண்டியில் கிளினிக். மூத்த மகள் கார்மெண்ட்ஸில் லீவு கேட்டிருக்கிறாள். அவளுக்குச் சிங்களம் வரும் என்பதால், போன தடவை வைத்தியர் என்ன சொன்னார் என்பதையும் இந்த முறை கேட்டு வரலாம் என்று இருக்கிறார்கள்.