திரையிடம் குழந்தை கற்குமா?

உண்ண மறுக்கும் குழந்தையின் முன் கைபேசியை வைத்தால் வாய் திறக்கிறது, அழுகையும் அடங்குகிறது. பாட்டும் கதையும் சொல்லித் தரும் கருவியால் நன்மைதானே என்று பெற்றோர் எண்ணுவது இயல்பு. ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் வெளியிட்ட நெறிமுறை, 2 வயது நிரம்பும்வரை திரையே வேண்டாம் என்கிறது. 2 முதல் 4 வயதுவரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேற்படலாகாது. குறையக் குறைய நன்று. இத்துணைக் கண்டிப்பு ஏன்?

அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரிஷியா கூல் என்பவரும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்க உதவும். ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளர்ந்த 9 மாதக் குழந்தைகளுடன் சீன மொழியினர் 12 முறை நேரில் அமர்ந்து, அம்மொழியில் பேசி விளையாடினர். வேறு சில குழந்தைகளுக்கு அதே பேச்சு படமாகத் திரையில் காட்டப்பட்டது. பின்னர், ஆங்கிலத்தில் இல்லாத இரு சீன ஒலிகளைப் பிரித்தறிகின்றனவா என்று சோதித்தனர். நேரில் கேட்ட குழந்தைகள் பிரித்தறிந்தன. திரையில் கேட்டவையோ, சீன மொழியையே கேளாத குழந்தைகளின் நிலையிலேயே இருந்தன!

பேச்சு ஒன்றே, பயன் ஏன் வேறுபட்டது? நேரில் பேசுபவர் குழந்தையின் முகம் பார்க்கிறார்; அது நோக்கும் பொருளைத் தாமும் நோக்குகிறார்; அது சிரித்தால் சிரிக்கிறார். திரையில் தோன்றுபவர் குழந்தை திரும்பிக்கொண்டாலும் தம்பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கிறார். இந்தக் கொடுக்கல் வாங்கல் இன்மையே காரணம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2 வயதுக்குட்பட்டோருக்குத் திரையை விலக்கியபோதும், உறவினருடன் எப்போதாவது காணொளியில் பேசுவதை மட்டும் அனுமதிப்பது நோக்கத்தக்கது. அங்கே மறுமுனையில் மறுமொழி கூறும் மனிதர் இருக்கிறார் அல்லவா?

இன்னொரு காரணமும் உண்டு. நாளுக்கு 24 மணி நேரமே. 3 வயதுக் குழந்தைக்கு 10 முதல் 13 மணி நேர உறக்கமும், குறைந்தது 3 மணி நேர ஓட்டமும் ஆட்டமும் வேண்டும் என்கிறது அதே நெறிமுறை. உண்ணவும் குளிக்கவும் பேசவும் எஞ்சிய நேரம் சிறிதே. திரை வளர்ந்தால் இவற்றுள் ஒன்று தேய்ந்தாக வேண்டும்.

1 மணி என்பது நஞ்சின் அளவைப்போல் துல்லியமாக அளந்து கண்ட எல்லை அன்று. கிடைத்துள்ள சான்றுகள் வலுக் குறைந்தவை என்பதை அந்நிறுவனமே ஒப்புக்கொள்கிறது. ஆகவே ஒருநாள் அளவு மீறிவிட்டால் பெற்றோர் அஞ்ச வேண்டுவதில்லை. திரை எதன் இடத்தைப் பிடிக்கிறது என்பதையே கவனிக்க வேண்டும்.

காக்கையைக் காட்டிச் சோறூட்டும்போது, "அது என்ன?" என்று குழந்தை விரல் நீட்டும், ஊட்டுபவர் விடை சொல்வார். அந்த விடையைத் திரை சொல்வதில்லை. உண்ணும் வேளையிலும் உறங்கப் போகும் வேளையிலுமாவது கைபேசியை அப்பால் வைத்துவிட்டுப் பேசுவோம். பேச்சு கற்க அதனினும் சிறந்த கருவி இல்லை.