வாடகை வீட்டு மின்விசிறி

மின்நிலையத்தில் உற்பத்தியாகும் மின்சாரம் முழுவதும் நம் வீட்டுக்கு வந்து சேருவதில்லை. ஒரு பகுதி வழியிலேயே கம்பிகளில் கழிந்துவிடுகிறது. ஆகையால் வீட்டில் ஒரு யூனிட் மிச்சமானால், உற்பத்தியில் ஒரு யூனிட்டுக்கு மேலாகவே மிச்சமாகிறது என்று கொள்ள வேண்டும். இந்தக் கணக்கைக் கருதியே 2001-ஆம் ஆண்டில் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2006 முதல் குளிர்ப்பெட்டி முதலிய சாதனங்களில் நட்சத்திரச் சீட்டு ஒட்டும் முறையும் வந்தது.

ஆனால் சட்டமும் சீட்டும் மட்டுமே மாறுதலைக் கொண்டுவந்துவிடுவதில்லை. எல்.இ.டி. விளக்கின் கதையைப் பாருங்கள். 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை ஏறத்தாழ 9 வாட்டில் அது தருகிறது. இருந்தும் தொடக்கத்தில் அதன் விலை குடும்பஸ்தர்களுக்கு எட்டாததாயிருந்தது. அரசாங்க நிறுவனமொன்று பெருந்தொகையாகக் கொள்முதல் செய்ய முன்வந்தது. 2014-இல் விளக்கு ஒன்றுக்கு 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை, 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. 2015 ஜனவரியில் தொடங்கிய ‘உஜாலா’ திட்டத்தின் கீழ் 36 கோடிக்கு மேற்பட்ட விளக்குகள் விநியோகமாயின. பல ஊர்களில் பத்து ரூபாய் கொடுத்து விளக்கைப் பெற்று, மீதியை மின்கட்டணத்தோடு தவணையாகச் செலுத்தவும் வழி இருந்தது. மக்கள் வரிசையில் நின்று வாங்கியதற்கு உபதேசம் காரணமன்று. விலையும் தவணையுமே காரணம்.

அதே திட்டத்தில் விற்ற சிக்கன மின்விசிறிகளோ சுமார் 23 லட்சந்தான். இத்தனைக்கும் நம் வீடுகளில் விளக்கைவிட நெடுநேரம் ஓடுவது விசிறியே. சாதாரண விசிறி 75 வாட் கேட்கிறது. சுழலும் பாகத்தில் நிலைக்காந்தம் பொருத்திய ‘பி.எல்.டி.சி.’ விசிறிக்கு 30 வாட் அளவே போதும். சுழலும் பாகத்தில் மின்னோட்டம் பாய்ந்து வெப்பமாக வீணாகும் நஷ்டம் அதில் இல்லை. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரமாக முந்நூறு நாள் ஓட்டினால் 162 யூனிட் மிச்சம். யூனிட் ஆறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 972 ரூபாய். விலையில் உள்ள வித்தியாசம் ஒன்றிரண்டு ஆண்டுகளில் திரும்பிவிடும்.

பின் ஏன் வாங்குவதில்லை? பம்பாயிலோ டில்லியிலோ வாடகைக்குக் குடியிருக்கும் நம்மவர்களுக்கு விடை தெரியும். விசிறியை வாங்கி மாட்டுபவர் வீட்டுக்காரர். மின்கட்டணம் செலுத்துபவர் குடியிருப்பவர். மலிவான விசிறியால் அவருக்கு லாபம், இவருக்கு நஷ்டம். 2023 ஜனவரி முதல் கூரை விசிறிக்கும் நட்சத்திரச் சீட்டு கட்டாயமாகிவிட்டது, நல்ல ஏற்பாடுதான். ஆயினும் கடையில் அதைப் படிப்பவர் மின்கட்டணம் செலுத்துபவராக இல்லாவிடில் என்ன பயன்? 2023 நவம்பரில் ஒரு கோடி சிக்கன விசிறிகளை விநியோகிக்கும் நோக்கத்துடன் தனித் திட்டமும் அறிவிக்கப்பட்டது. அத்தகைய திட்டங்களில் தவணை வசதி, மீட்டர் யார் பெயரில் இருந்தாலும் குடியிருப்பவருக்கும் எட்டும்படி அமைய வேண்டும். குடியிருப்போர் சங்கங்கள் ஒன்றுகூடி மின்வாரியத்திடம் கேட்கத் தக்க கோரிக்கை இது.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. காஸ் அடுப்பையும் கிரைண்டரையும் ஊர்விட்டு ஊர் கொண்டுபோகிற நாம் விசிறியையும் கொண்டுபோகலாம். வாங்கும்போது சீட்டில் நட்சத்திரங்களோடு அது செல்லுபடியாகும் காலத்தையும் பாருங்கள். அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால் பழைய ஐந்து நட்சத்திரம் இன்றைய ஐந்துக்குச் சமமாகாது. புதிய விசிறியைப் பழைய ரெகுலேட்டரோடு இணைக்க வேண்டாம் என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடுங்கள். இவ்வகை விசிறிக்கு வேகக் கட்டுப்பாடு அதனுள்ளேயே இருக்கிறது. வீட்டுக்காரரின் விசிறியைத் துடைத்துப் பரணில் வைத்திருந்து, காலி செய்யும்போது மாட்டிக் கொடுத்துவிடலாம்.