பக்கத்தில் இருப்பவரும் படுத்துவிடக் கூடாது

திம்புள்ளப் பக்கத் தோட்டங்களில் ஒருவருக்கு மூளையில் கட்டி என்று தெரிந்தால், அந்த வீட்டில் இரண்டு பேருக்குப் பேர் விழாது, அதாவது நாட்கூலி கிடைக்காது. ஒருவர் நோயாளி, மற்றவர் கூட நிற்கிற மனைவி அல்லது மகள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் பஸ் காசும் இழந்த நாட்கூலியும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ஆளே மாறிவிட்டாரா?

நெற்றிப் பக்க மூளையில் கட்டி வளர்ந்தால் சுபாவமே மாறலாம். ஒரு நாளும் அதிர்ந்து பேசாத மனுசன் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு ஏசுவார். கொஞ்ச நேரத்தில், ஒன்றுமே நடக்காதது போல, "சாப்பாடு எங்கே?" என்பார். லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு. செய்வினைப் பேச்சு கிளம்ப அந்தச் சத்தமே போதும். கோயிலுக்குப் போங்கள், மனசுக்குத் தெம்பு. கிளினிக் நாளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மூளை வீக்கம் குறையத் தரும் டெக்ஸாமெதசோன் மாத்திரையும் தூக்கத்தைக் கெடுக்கும், பசியையும் எரிச்சலையும் கூட்டும், சீனியையும் ஏற்றும். அதற்காகத் திடீரென நிறுத்துவது ஆபத்து. டொக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஏசுவது கட்டியும் மருந்தும் செய்கிற வேலை என்று புரிந்தால் நம் கோபம் பாதி இறங்கும். மீதி இறங்காது. அதற்காக உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

வலிப்பு வந்தால்

ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரத்தைப் பாருங்கள். கையில் சாவிக்கொத்தும் வேண்டாம், வாயில் கரண்டியோ தண்ணீரோ வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்புமுன் மறுபடி வந்தால் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை. மேட்டு லயமென்றால் வண்டியை வழிகாட்டிக் கூட்டிவர எந்தச் சந்தியில் யார் நிற்பது என்று இப்போதே பேசி வையுங்கள். இரவில் வெளிக் கக்கூஸுக்கு அவரைத் தனியே விடவேண்டாம். பனியில் நனைந்த படியில் சறுக்கினால் இன்னொரு ஆஸ்பத்திரி அலைச்சல்.

கண்டிக்கும் மஹரகமவுக்கும்

டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ காட்டினாலும், மூளை அறுவைச் சிகிச்சை என்றால் கண்டி தேசிய வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். கதிர்வீச்சு கண்டியில் அல்லது மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில். அது பல வாரம் நீளலாம். ஸ்கேன் படம், கிளினிக் கொப்பி, துண்டுகள் எல்லாம் ஒரே ஷொப்பிங் பேக்கில் இருக்கட்டும். மாத்திரை நேரத்தைத் தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

உங்களுக்கும் ஓர் உடம்பு உண்டு

கூட நிற்பவர் தன் பிரஷர் மாத்திரையை மறப்பார், வெறுந் தேத்தண்ணியில் பகலை ஓட்டுவார். தூக்கமே இல்லை, காரணமின்றி அழுகை, செத்துப் போகலாம் என்ற நினைப்பு — இவை வந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள், அல்லது 1926க்கு எந்த நேரத்திலும் பேசுங்கள். அது தேசிய மனநல உதவித் தொலைபேசி.

அக்கம்பக்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். "எப்படி இருக்கார்?" என்று வாசலில் கேட்டுப் போவது போதாது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் நோயாளி பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள், அந்த அக்கா தூங்கட்டும்.